பேச்சிலிருந்து எழுத்துக்கு: தொடக்கநிலைத் தமிழ் வகுப்பறைப் பயிற்சிகள் – கிருஷ்ணகுமாரின் நூலை முன்வைத்து

முன்னுரை

தொடக்கப்பள்ளியில் மொழிப்பாடம் என்பது எழுத்தறிவித்தலும் கையெழுத்துத் திருத்தமுமே என்னும் எண்ணம் நம்மிடையே ஆழ வேரூன்றியுள்ளது. குழந்தை பேசினால் வகுப்பின் ஒழுங்கு கெடுகிறது என்றும், எழுதினால் ஒழுங்கு நிலைக்கிறது என்றும் கருதப்படுகிறது. இவ்வெண்ணத்தை மறுத்தெழுந்த நூல்களுள் ‘குழந்தையின் மொழியும் ஆசிரியரும்’ என்னும் கையேடு குறிப்பிடத்தக்கது. 1986இல் ஆங்கிலத்தில் வெளிவந்த இந்நூலின் ஆசிரியர் கிருஷ்ணகுமார், தில்லிப் பல்கலைக்கழகத்தில் கல்வியியல் பேராசிரியராகப் பணியாற்றியவர். 2004 முதல் 2010 வரை தேசியக் கல்வி ஆராய்ச்சி, பயிற்சிக் குழுவின் இயக்குநராக விளங்கியவர். இந்நூல் காட்டும் பயிற்சிகளைத் தமிழ் வகுப்பறையில் வைத்து நோக்குங்கால் எழும் ஒரு சிக்கலை இக்கட்டுரை ஆராய்கிறது.

நூல் காட்டும் பயிற்சிகள்

குழந்தையின் பேச்சைக் கற்றலுக்குரிய மூலப்பொருளாகக் கொள்வது இந்நூலின் அடிப்படை. எழுதுதல் என்பதும் ஒருவகை உரையாடலே. எதிரில் இல்லாத ஒருவரோடு பேசுதலே எழுத்து. ஆதலால் பேச வாய்ப்பில்லாத வகுப்பில் எழுத்து வளராது. இக்கொள்கையை விளக்க இரு பயிற்சிகள் போதும்.

முதலாவது, ஒரு குழந்தை வகுப்பறைக்கு வெளியே சென்று ஏதேனும் ஒரு பொருளைப் பார்த்து வருவது. ஏனையோர் ஆளுக்கொரு வினா எழுப்பி அப்பொருளைக் கண்டறிய வேண்டும். ‘அதற்கு உயிர் உண்டா?’, ‘கையால் தூக்க முடியுமா?’ என வினவும் குழந்தை, பொருள்களை வகைப்படுத்தவும் வினாத்தொடர் அமைக்கவும் தானே பழகுகிறது. இப்பயிற்சி விடுகதை மரபுடைய தமிழுக்குப் புதிதன்று. பார்த்த பொருளை விடுகதையாக ஒரு தாளில் எழுதி அடுத்தவரிடம் கொடுக்கச் செய்தால், பேச்சுப் பயிற்சி எழுத்துப் பயிற்சியாக விரியும். விடை சொல்ல ஒருவர் காத்திருக்கிறார் என்பதே எழுதுவதற்குப் போதிய காரணமாகிவிடும்.

இரண்டாவது, படத்தைக் கொண்டு உரையாடுவது. படத்தில் இருப்பதைச் சொல்லுதல், அதற்குக் காரணம் கூறுதல், படத்திலுள்ளவராகத் தன்னை எண்ணிப் பார்த்தல், அடுத்து நிகழ்வதை ஊகித்தல், தன் வாழ்வோடு பொருத்திக் காணுதல் என வினாக்கள் ஐந்து படிகளில் வளர்கின்றன. நம் வகுப்பறைகளில் ‘படம் பார்த்துக் கூறுதல்’ பெரும்பாலும் முதற்படியிலேயே நின்றுவிடுகிறது. குழந்தைக்குச் சொல்லச் செய்தி உண்டாவதோ பிற்படிகளிலேதான். செய்தியில்லாத குழந்தை கரும்பலகையில் உள்ளதைப் பார்த்தெழுதுவதில் வியப்பில்லை.

இரட்டை வழக்கும் திருத்தமும்

இந்நூல் இந்திய மொழிகள் அனைத்திற்கும் பொதுவாக எழுதப்பட்டது. தமிழின் இரட்டை வழக்கு அதன் பொருளன்று. ஆயின் தமிழாசிரியர் முதலில் எதிர்கொள்வது அதுவே. பேச்சிலிருந்து எழுத்துக்குச் செல்லும் பாதை, பிற மொழிகளினும் தமிழில் நெடியது.

‘எங்க வூட்டு மாடு கன்னு போட்டுச்சு’ என்று ஒரு குழந்தை சொல்வதாகக் கொள்வோம். ‘போட்டுச்சு என்று சொல்லாதே; பசு கன்று ஈன்றது என்று சொல்’ எனத் திருத்தினால் உரையாடல் அங்கேயே முடிந்துவிடுகிறது. கன்றின் நிறத்தையும், அது எழுந்து நிற்கப் பட்ட பாட்டையும் சொல்ல வந்த குழந்தை வாயடைத்துப் போகிறது. தன் தாயின் மொழி பிழையானது என்னும் செய்தி மட்டும் அதன் மனத்தில் பதிகிறது. முதல் தலைமுறையாகப் பள்ளிக்கு வரும் குழந்தைக்கு இவ்விழப்பு சிறிதன்று.

எதிர்முனையில், பேச்சு வழக்கையே எழுதிக்கொள்ளட்டும் என விட்டுவிடுவதும் தீர்வாகாது. எழுத்து வழக்கு கைவராத குழந்தை நூலுலகின் வாயிலிலேயே நின்றுவிடும்.

இவ்விரண்டுக்கும் இடைப்பட்ட வழியொன்று உண்டு. குழந்தை சொன்ன தொடரைச் சொன்னவாறே கரும்பலகையில் எழுதி, ‘இதைப் புத்தகத்தில் எப்படி எழுதியிருப்பார்கள்?’ என வகுப்பைக் கேட்கலாம். அப்போது திருத்தமே கலந்துரையாடலாக மாறும். வந்துச்சு – வந்தது, இருந்துச்சு – இருந்தது, போட்டுச்சு – போட்டது எனச் சில இணைகளைக் கண்டதும் விதியைக் குழந்தைகளே உய்த்துணர்வர். ‘போச்சு’ என்பது அவ்விதியில் அடங்காமல் ‘போயிற்று’, ‘போனது’ என இருவடிவம் பெறுவதையும் அவர்கள் காண்பர். ‘கன்று போட்டது’, ‘கன்று ஈன்றது’ என்னும் இரண்டும் எழுத்தில் வரலாம். எது எங்குப் பொருந்தும் என்பதும் பேசத்தக்க வினாவே. இலக்கணம் இங்கு மனப்பாடமாக இன்றிக் கண்டுபிடிப்பாக அமைகிறது.

தமிழ்ப் புலமை மரபுக்கு இது புறம்பானதன்று. தொல்காப்பியம் உலக வழக்கு, செய்யுள் வழக்கு ஆகிய இரண்டையும் நோக்கி எழுந்த இலக்கணம். புனைகதையில் புதுமைப்பித்தனும் கி. ராஜநாராயணனும் ஆண்ட வட்டாரப் பேச்சை நாம் பாராட்டி ஆராய்கிறோம். 1982இல் கி. ராஜநாராயணன் தொகுத்து வெளியிட்ட கரிசல் வட்டார வழக்கு அகராதியைத் தமிழுக்குக் கிடைத்த செல்வமாகக் கொள்கிறோம். அதே பேச்சு ஒரு குழந்தையின் குறிப்பேட்டில் வந்தால் சிவப்பு மையால் அடிக்கிறோம். இம்முரண்பாடு ஆராயத்தக்கது.

திட்டங்களும் வகுப்பறையும்

2003இல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் தொடங்கிப் பின்னர்த் தமிழகம் முழுதும் பரவிய செயல்வழிக் கற்றல், குழந்தை தன் வேகத்தில் அட்டைகளைக் கொண்டு முன்னேற வழிசெய்தது. அச்சத்தைக் குறைத்த அம்முயற்சி பாராட்டுக்குரியது. எனினும் அட்டையோடு தனித்து அமரும் குழந்தைக்கும் வகுப்போடு கூடிப் பேசும் வேளை வேண்டும். தேசியக் கல்விக் கொள்கை (2020), இயன்றவிடத்து ஐந்தாம் வகுப்பு வரையேனும் வீட்டுமொழி அல்லது தாய்மொழி பயிற்றுமொழியாதல் வேண்டும் என்கிறது. தமிழ்க் குழந்தையின் வீட்டுமொழி பாடநூலின் தமிழன்று என்பதை மனங்கொண்டாலன்றி அக்கூற்று வகுப்பறையில் பயன் தாராது. தில்லி போன்ற நகரங்களில் வளரும் தமிழ்க் குழந்தைகளின் பேச்சில் இந்தியும் கலந்திருப்பதால் அங்கு இத்தேவை மேலும் மிகுதி.

முடிவுரை

கிருஷ்ணகுமாரின் நூல் பேச்சுக்கு வகுப்பறையில் உரிய இடத்தைக் காட்டியது. அங்கிருந்து எழுத்துக்குச் செல்லும் பாலத்தைத் தமிழுக்கெனக் கட்டுவது தமிழறிஞர் கடன். பேச்சு வழக்கிற்கும் எழுத்து வழக்கிற்கும் உள்ள ஒலி, வடிவ மாற்றங்களை மொழியியலார் விரிவாக விளக்கியுள்ளனர். அவ்வறிவு தொடக்கப்பள்ளி ஆசிரியரின் கைக்குச் சேரும் வகையில் எளிய பயிற்சிகளாக வடிவம் பெறல் வேண்டும். குழந்தை பேசியதை முதலில் கேட்பதும், கேட்டதை எழுதிக்காட்டுவதும், எழுதியதைக் குறித்துக் கூடிப் பேசுவதும் என்னும் இவ்வரிசை அமையுமாயின், கட்டுரைப் பயிற்சி என்பது பிறர் எழுதியதை நகலெடுத்தலாக அன்றித் தன் சொல்லைத் தானே எழுதுதலாக மாறும்.