லியாங் ஷூமிங்: வாழ்வும் சிந்தனையும் – ஒரு மதிப்பீடு

லியாங் ஷூமிங் (18 அக்டோபர் 1893 – 23 ஜூன் 1988) சீனத் தத்துவ அறிஞர், அரசியல்வாதி, கிராம மறுசீரமைப்பு இயக்கத்தின் முன்னோடி. பல்கலைக்கழகத்தில் படித்தவர் அல்லர். பௌத்தம் பற்றி அவர் எழுதிய ஒரு கட்டுரையைப் படித்த பெய்ஜிங் பல்கலைக்கழகத் தலைவர் த்ஸாய் யுவான்பெய், 25 வயது நிரம்பாத அவரை 1917-ல் இந்தியத் தத்துவம் கற்பிக்க அழைத்தார். மறு ஆண்டு அவரது தந்தை லியாங் ஜி, பழைய அறநெறிகள் அழிவதைக் கண்டு மனம் நொந்து ஏரியில் மூழ்கி உயிர்விட்டார். பௌத்தத் துறவை நாடியிருந்த மகன் கன்பூசியத்தின் பக்கம் திரும்பியதில் இந்த மரணத்துக்குப் பங்கு உண்டு.

1921-ல் வெளிவந்த ‘கிழக்கு, மேற்குப் பண்பாடுகளும் அவற்றின் தத்துவங்களும்’ அவருக்குப் புகழ் தந்த நூல். மேற்கு ஆசையை முன்னோக்கிச் செலுத்துகிறது, சீனா அதைச் சமன்செய்கிறது, இந்தியா அதிலிருந்து பின்வாங்குகிறது என்பது அதன் சாரம். படிக்க அழகாக இருக்கிறது. ஆனால் இந்திய வாசகர் இதை அப்படியே ஏற்க முடியாது. சீன மொழியிலிருந்த பௌத்த நூல்களின் வழியாகவே அவர் பெரிதும் இந்தியாவைப் பார்த்தார். அர்த்தசாஸ்திரத்துக்கும் உலகாயதத்துக்கும் இந்தச் சட்டகத்தில் இடமில்லை. துறவை மட்டும் எடுத்துக்கொண்டு அதையே ஒரு நாடு என்று கொண்டுவிட்டார்.

எனினும் அவர் ஏட்டோடு நின்றவர் அல்லர். 1931 முதல் ஷான்டோங் மாகாணத்தின் ஸௌபிங் வட்டத்தில் கிராமப் பள்ளிகளையே ஊர் நிர்வாகத்தின் மையமாக்கினார். பருத்தி விவசாயிகளுக்குக் கூட்டுறவுச் சங்கம் அமைந்தது. இதற்கு ஆதரவு தந்தவரோ ராணுவத் தலைவரான மாகாண ஆளுநர் ஹான் ஃபூஜூ. சமூகத்தைச் சீர்திருத்தப் போய் ஆட்சியாளரை அண்டி நிற்கிறோம், கிராம இயக்கம் என்கிறோம், கிராமமோ அசையவில்லை என்று 1935-ல் லியாங்கே ஒப்புக்கொண்டார். தம் திட்டத்தைப் பற்றி இவ்வளவு நேர்மையாகப் பேசிய சீர்திருத்தவாதிகள் குறைவு. சீனாவில் வர்க்கங்கள் இல்லை, தொழில் வேறுபாடுகளே உள்ளன என்ற அவரது கொள்கைதான் நிலவுடைமைச் சிக்கலை அவர் கண்ணிலிருந்து மறைத்தது என்பது என் கருத்து. ஜப்பானியப் படையெடுப்பால் 1937-ல் அந்த முயற்சி முடிவுற்றது.

லியாங் பல்கலைக்கழகத்தில் பாடம் நடத்தியபோது அங்கே நூலக உதவியாளராக இருந்தவர் மாவோ. இருவரும் ஒரே ஆண்டில் பிறந்தவர்கள். 1938-ல் யேனானில் இரவு முழுதும் விவாதித்தார்கள். 1953 செப்டம்பரில் நடந்த அரசுக் கூட்டத்தில், தொழிலாளர் வானத்தின் உச்சியில் இருக்க, விவசாயிகள் பாதாளத்தில் கிடப்பதாகப் பேசப்படுவதை லியாங் சுட்டிக்காட்டினார். மாவோ கடுமையாகச் சாடினார். தம் பேச்சைக் கேட்கும் பெருந்தன்மை தலைவருக்கு உண்டா என்று நேருக்கு நேர் கேட்ட லியாங்கை, வாக்கெடுத்து மேடையிலிருந்து இறக்கினார்கள். நிலச் சீர்திருத்தம் உழவருக்கு அளித்ததை ஸௌபிங் அளித்திருக்க முடியாது. மாவோ பக்கம் சொல்ல அவ்வளவு உண்டு. ஆனால் அதே ஆண்டு இறுதியில் தானியத்தை அரசே கட்டாயக் கொள்முதல் செய்யத் தொடங்கியது. 1959–61 பஞ்சத்தில் செத்தவர்களில் பெரும்பாலோர் கிராமத்தினர். லியாங்கின் கவலை வீண்கவலை இல்லை.

1966-ல் செங்காவலர்கள் அவரது நூல்களை எரித்தார்கள். கையில் நூலில்லாமலே கன்பூசியத்தையும் பௌத்தத்தையும் ஒப்பிட்டு எழுதினார். 1974-ல் கன்பூசியஸைத் தூற்றும் இயக்கம் நடந்தபோது அதில் சேர மறுத்தார்.

அமெரிக்க ஆய்வாளர் கை அலிட்டோ 1979-ல் வெளியிட்ட வாழ்க்கை வரலாற்றில் அவரைக் ‘கடைசிக் கன்பூசியர்’ என்றார். மறு ஆண்டு அலிட்டோ நேரில் சென்றபோது, தாம் பௌத்தர் என்றே லியாங் சொன்னார்.