நகையும் நோயும்: புற்றுநோய்ச் சிகிச்சையில் சிரிப்பின் இடம்

புற்றுநோயாளி மனம் தளராமல் சிரித்த முகத்தோடு இருந்தால் பாதி நோய் பறந்துவிடும் என்பது, புதியம்புத்தூர் முதல் கோவில்பட்டி வரையிலான கரிசல் ஊர்களில் நோயாளியை விசாரிக்க வருவோர் சொல்லிச் செல்லும் வழக்கமான ஆறுதலாகும். சிரிப்பு ஆயுளைக் கூட்டுமா என்பதும், சிகிச்சைக் காலத்தில் அது எதற்குப் பயன்படுகிறது என்பதும் வெவ்வேறு கேள்விகள். முதலாவதற்குச் சாதகமான விடை கிடைக்காவிட்டாலும் இரண்டாவதன் மதிப்பு குறைவதில்லை.

நோயாளியின் மனநிலைக்கும் நோயின் போக்குக்கும் உள்ள உறவை ஆராயும் துறை உளப்புற்றுநோயியல் எனப்படும். மார்பகப் புற்றுநோய்க்கு ஆளான பெண்களுள் போராட்ட உணர்வு மிக்கவர்களும், நோயையே ஏற்க மறுத்தவர்களும் பிறரைவிட நன்கு தேறினர் என்று லண்டனில் ஸ்டீவன் கிரியர் குழுவினர் 1979இல் அறிவித்தனர். ஆனால் கிரியரும் பங்கேற்று 578 பெண்களிடம் நடத்தப்பட்டு 1999இல் வெளியான ஆய்வு, போராட்ட உணர்வு ஆயுளை நீட்டியதற்குச் சான்று காணவில்லை; கதியற்ற உணர்வு மேலோங்கியவர்களுக்கு ஓரளவு பாதகம் தென்பட்டது. குழுவாக அமர்ந்து மனம்விட்டுப் பேசும் சிகிச்சை ஆயுளைக் கூட்டியதாக ஆய்வாளர் டேவிட் ஸ்பீகல் 1989இல் வெளியிட்ட முடிவும், 235 பெண்களைக் கொண்டு கனடாவில் மறுபடி சோதிக்கப்பட்டபோது நிலைக்கவில்லை. எனினும் 2001இல் வெளியான அச்சோதனையில், பேச்சில் கலந்துகொண்டவர்களின் மனவேதனையும் வலியும் குறைந்திருந்தன. எனவே சிரிப்பும் பேச்சும் கட்டியைக் கரைப்பதில்லை, நாளைக் கடத்த உதவுகின்றன என்பதே இதுவரையிலான ஆய்வுகள் தரும் முடிவு.

இதற்குச் சான்றாக நிற்பவர் மலையாள நடிகர் இன்னசென்ட். 2012இல் நிணநீர் மண்டலப் புற்றுநோய் கண்டறியப்பட்ட அவர், கீமோ எனப்படும் மருந்துச் சிகிச்சையின் அனுபவங்களை நகைச்சுவையோடு எழுதினார். புற்றுநோய் வார்டில் எழுந்த சிரிப்பையே தலைப்பாகக் கொண்ட அந்நூல் மலையாளத்தில் பெரும் வரவேற்பைப் பெற்றது. 2014இல் சாலக்குடி தொகுதியின் மக்களவை உறுப்பினராகவும் அவர் தேர்வானார். நோய் அவரை மறுபடியும் பீடித்தது, 2023 மார்ச்சில் அவர் காலமானார். சிரிப்பு நோயைத் தடுத்து நிறுத்தவில்லை என்பதால் அவர் தோற்றார் என்று கொள்வது, சிரிப்பை மருந்தாக எண்ணிய பிழையின் தொடர்ச்சியே ஆகும்.

இத்தகைய சிரிப்பின் இயல்பை அறியத் தமிழ் இலக்கணம் உதவும். நகையை, உணர்ச்சி உடலில் வெளிப்படும் எட்டு மெய்ப்பாடுகளுள் முதலாவதாக வைக்கும் தொல்காப்பியம், அது பிறக்கும் நான்கு களங்களுள் எள்ளலை முதலில் கூறுகிறது. அவ்வெள்ளலைத் தான் பிறரை எள்ளி நகுதல், பிறரால் எள்ளப்பட்டுத் தான் நகுதல் என உரையாசிரியரான பேராசிரியர் இரண்டாகப் பகுப்பார். முடி கொட்டிய தன் தலையைத் தானே கேலி செய்யும் நோயாளியிடத்தில் எள்ளுபவரும் எள்ளப்படுபவரும் ஒருவரே ஆகிவிடுவதால், அந்த நகையில் இரக்கத்துக்கும் ஏளனத்துக்கும் ஒருசேர இடமில்லாமல் போகிறது. இடைசெவலில் பிறந்த கி. ராஜநாராயணன் எழுத்தில் பதிவான கரிசல் மக்களின் நையாண்டியும் எகத்தாளமும் இதற்கு ஏற்ற மண்தான். மழை பொய்த்த வானத்தையே கேலி பேசும் சம்சாரிக்கு நோயைக் கேலி பேசுவது புதிதன்று. ஆயினும் அக்கேலியை யார் தொடங்குகிறார் என்பதைப் பொறுத்தே அது ஆறுதலாகவோ புண்ணாகவோ அமைகிறது.

உளப்புற்றுநோயியலின் முன்னோடியான ஜிம்மி ஹாலண்ட், நேர்மறையாகவே இருக்க வேண்டும் என்ற வற்புறுத்தலை ஒரு கொடுங்கோன்மை என்று கண்டித்தார். அவ்வற்புறுத்தல் எவ்வளவு பொருந்தாதது என்பதை வாய்ப் புற்றுநோயாளியின் நிலையில் காணலாம். வாய்ப் புற்றுநோய்க்கு ஊரார் 'கரண்ட் வைப்பது' என்று சொல்லும் கதிர்வீச்சுச் சிகிச்சை, வழக்கமாக வாரத்துக்கு ஐந்து நாளாகப் பல வாரங்கள் நீளும். வாயெல்லாம் புண்ணாகி, எச்சில் வற்றி, கஞ்சி விழுங்கவே கண்ணில் நீர் வரும் அந்நாள்களில் இதழை விரிப்பதே வலி. ஆயத்த ஆடைத் தையலில் பீஸ் கணக்கில் கூலி வாங்கும் புதியம்புத்தூர்த் தொழிலாளி ஒருவர் மதுரைக்கோ திருவனந்தபுரத்துக்கோ சென்று தங்க நேர்ந்தால், உடல்வலியோடு வருமான இழப்பும் சேர்ந்துகொள்ளும். அந்நிலையில் அவரிடம் "சிரிச்ச முகமா இருங்க" என்பது, நோய் முற்றினால் பழியை அவர் மனத்தின் மேலேயே போடுவதற்கு முன்கூட்டிச் செய்யும் ஏற்பாடாக முடியக்கூடும்.

ஆகவே வலிக்கும் வாந்திக்கும் மருந்து, வழிச்செலவுக்குப் பணம், நீங்காத மனச்சோர்வுக்கு மருத்துவரின் கவனிப்பு ஆகியவை சுற்றத்தாரும் மருத்துவமனையும் செய்ய வேண்டியவை. சிரிப்பதா வேண்டாமா என்பதை முடிவு செய்யும் உரிமை நோயாளிக்கே உரியது.