முடித்தவர் சொல்லட்டும்

வீடியோ கேம் உலகில் சில ஆண்டுகளாக ஒரு வாதம் மதிப்போடு உலவிவருகிறது. ஒரு விளையாட்டைப் பற்றி எழுத அதை முடித்திருக்கத் தேவையில்லை என்பதுதான் அது. நூறு மணி நேரம் நீளும் விளையாட்டுகள் வந்துவிட்டன, வாங்கியவர்களிலேயே பலர் கடைசிவரை போவதில்லை, பத்து மணி நேரம் ஆடினால் தரம் தெரிந்துவிடும் என்கிறார்கள். மிச்சத்தை, விளையாட்டுகளை விற்கும் ஸ்டீம் தளத்தின் ஆதரவுச் சதவீதமும் ஸ்ட்ரீமர்களின் நேரலையும் சொல்லிவிடுமாம். முதல் நாள் முதல் காட்சியின் இடைவேளையில் மைக்கை நீட்டி வாங்கும் கருத்தை விமர்சனம் என்று நம்மூரில் யாரும் மதிப்பதில்லை. அதே காரியம் வீடியோ கேமில் நடந்தால் மட்டும் கோட்பாடு ஆகிவிடுகிறது. இந்தத் துறையின் நாற்பது ஆண்டுகளைத் திரும்பிப் பார்த்தால், நின்று நிலைத்த எழுத்தில் பெரும்பகுதி கடைசித் திரையைப் பார்த்தவர்களிடமிருந்தே வந்திருக்கிறது.

தொடக்க காலத்தை விரைவாகக் கடந்துவிடலாம். 1979இல் அமெரிக்காவின் ‘வீடியோ’ இதழில் பில் குங்கலும் ஆர்னி காட்ஸும் ‘ஆர்கேட் ஆலி’ என்ற பத்தியைத் தொடங்கினார்கள். 1981இல் ஜாய்ஸ் வொர்லியும் அவர்களோடு சேர, ‘எலக்ட்ரானிக் கேம்ஸ்’ இதழ் பிறந்தது. அன்றைய விளையாட்டுகள் பலவற்றுக்கு முடிவே கிடையாது. ‘பேக்-மேன்’ 256ஆம் கட்டத்தில் திரையின் பாதி குழம்பிப்போய் நின்றுவிடும். அது நிரலின் பிழை, கதையின் முடிவல்ல. எனவே படம் எப்படி, ஒலி எப்படி, கொடுத்த காசுக்குத் தகுமா என்று எழுதினாலே போதும் என்றிருந்தது. பிரிட்டனில் ‘கிராஷ்’ (1984), ‘ஸாப்!64’ (1985) ஆகிய இதழ்கள் இதைச் சதவீதங்களாக்கின. ஜப்பானில் 1986இல் வரத்தொடங்கிய ‘ஃபாமிட்சு’, நான்கு பேர் தலா பத்துக்கு மதிப்பெண் போட்டு நாற்பதாகக் கூட்டும் வழக்கத்தைக் கொண்டுவந்தது. 1998இல் ‘ஆக்கரினா ஆஃப் டைம்’தான் அங்கே முதன்முதலில் நாற்பதுக்கு நாற்பது வாங்கியது. பொருளைச் சோதித்துச் சான்றிதழ் தரும் இந்த மொழியிலிருந்து துறை இன்றும் முழுதாக விடுபடவில்லை.

அதே காலத்தில் தனி வழியில் நடந்தவர் ஒருவர் உண்டு. ‘கம்ப்யூட்டர் கேமிங் வேர்ல்ட்’ இதழில் எண்பதுகளின் தொடக்கத்திலிருந்து தொண்ணூறுகளின் இறுதிவரை ‘ஸ்கார்பியா’ என்ற புனைபெயரில் எழுதிய பெண் அவர். சாகச விளையாட்டுகளும் ரோல்-பிளேயிங் விளையாட்டுகளும் அவருடைய களம். கட்டம் போட்ட தாளில் வரைபடம் வரைந்துகொண்டு, வாரக்கணக்கில் சுரங்கங்களில் அலைந்து ஆட வேண்டிய விளையாட்டுகள் அவை. வழி தெரியாமல் நின்றவர்களுக்கு ஸ்கார்பியா தன் பத்தியில் துப்பும் கொடுத்தார். துப்புக் கொடுக்க வேண்டுமென்றால் புதிரை அவிழ்த்திருக்க வேண்டும், எழுதுபவர் கடைசிவரை போயே ஆக வேண்டும். அந்த உழைப்பு அவருடைய தீர்ப்புகளுக்கு எலும்பைக் கொடுத்தது. எந்த இடத்தில் ஆட்டம் தொய்கிறது, எந்தப் புதிர் ஆடுபவரை ஏமாற்றுகிறது, இறுதிக் கட்டம் அதுவரை செலவிட்ட நேரத்துக்கு ஈடாகிறதா என்று அவரால் கறாராகச் சொல்ல முடிந்தது. ‘மைட் அண்ட் மேஜிக் 2’ அவரிடம் கடுமையாக வாங்கிக்கட்டிக்கொண்டது. 1991இல் வந்த மூன்றாம் பாகத்தில் அதை உருவாக்கியவர்கள் ‘ஸ்கார்பியா’ என்ற பெயரில் ஓர் அரக்கியை வைத்துப் பழி தீர்த்துக்கொண்டார்கள். தன் எழுத்துக்கு இப்படி ஒரு பதில் பெற்ற விமர்சகர்கள் எந்தக் கலையிலும் அரிது. ஆனாலும் இத்துறையின் வரலாற்றை எழுதுபவர்கள், பின்னால் பார்க்கப்போகும் அறிக்கை ஒன்று வந்த 2004லிருந்து தொடங்கிவிட்டு, அவரை அடிக்குறிப்புக்குத் தள்ளுகிறார்கள். இது நியாயமல்ல.

அடுத்து வந்தது மதிப்பெண்ணின் ஆட்சி. 2001இல் தொடங்கிய மெட்டாக்ரிடிக் எல்லா இதழ்களின் மதிப்பெண்களையும் ஒரே எண்ணாகப் பிசைந்து தந்தது. ஓர் இதழ் முதலில் கொடுத்த மதிப்பெண்தான் அங்கே நிற்கும். மறுபடி ஆடிப் பார்த்து மனம் மாறினாலும் கணக்கில் ஏறாது. இதன் விளைவுக்கு 2010இல் வந்த ‘ஃபால்அவுட்: நியூ வேகஸ்’ ஒன்றே போதும். 85 எடுத்தால் அதை உருவாக்கிய அப்சிடியன் நிறுவனத்துக்கு ஊக்கத்தொகை உண்டு என்று ஒப்பந்தம். கிடைத்தது 84. இதை வெளியே சொன்னவர் அதன் படைப்பாளர்களில் ஒருவரான கிறிஸ் அவலோன். வெளியான வாரத்தில் அந்த விளையாட்டு பிழைகள் மலிந்து திணறியது உண்மைதான். ஆனால் ஹூவர் அணையில் நடக்கும் கடைசிப் போருக்குப் பிறகு, ஆடியவர் கடந்துவந்த ஒவ்வொரு ஊருக்கும் ஒவ்வொரு கூட்டத்துக்கும் என்ன ஆயிற்று என்று அது வரிசையாகக் காட்டும். போகிற போக்கில் எடுத்த முடிவுகளெல்லாம் அங்கே கணக்குத் தீர்க்கப்படும். இன்றுவரை அந்த விளையாட்டு பேசப்படுவது இதற்காகத்தான். அந்த 84க்குள் இது எங்கே இருக்கிறது?

‘காட் ஹேண்ட்’ (2006) ஐஜிஎன் தளத்தில் பத்துக்கு மூன்று வாங்கியது. முரட்டுத்தனமான அதன் சண்டை முறையைக் கற்றுத் தேர்ந்து கடைசிவரை போனவர்கள்தான் பின்னாளில் அதைத் தூக்கி நிறுத்தினார்கள். ‘டெட்லி ப்ரிமோனிஷன்’ (2010) அதே தளத்தில் இரண்டும் டிஸ்ட்ரக்டாய்டில் பத்தும் பெற்றது. இவ்வளவு பெரிய இடைவெளியை ரசனை வேறுபாடு என்று மட்டும் தள்ளிவிட முடியாது. ஒரு படைப்பின் எந்தப் பகுதியைக் கணக்கில் எடுத்தார்கள் என்ற கேள்வியும் அதற்குள் இருக்கிறது.

2004 முதல் 2012 வரையான காலமே இத்துறையின் செழுமையான பருவம். பிரிட்டிஷ் விமர்சகர் கீரன் கில்லன் 2004இல் ‘நியூ கேம்ஸ் ஜர்னலிசம்’ என்ற அறிக்கையை வெளியிட்டார். விளையாட்டை ஓர் ஊராகவும் ஆடுபவரை அங்கே போய்வந்த பயணியாகவும் கருதி எழுதச் சொன்னது அது. 2007இல் வடிவமைப்பாளர் கிளின்ட் ஹாக்கிங் ‘பயோஷாக்’ விளையாட்டை எடுத்துக்கொண்டு, அதன் ஆட்ட விதிகள் சுயநலத்துக்கு வழிவிடுகின்றன, கதையோ பிறருக்கு உதவும்படி ஆடுபவரைக் கட்டாயப்படுத்துகிறது, இரண்டும் ஒன்றையொன்று மறுக்கின்றன என்று காட்டினார். கதைக்கும் ஆட்டத்துக்கும் இடையிலான முரண் என்ற அந்தக் கருத்து இன்று எல்லார் வாயிலும் புழங்குகிறது. 2010இல் டாம் பிஸ்ஸலின் ‘எக்ஸ்ட்ரா லைவ்ஸ்’ வந்தது. இலக்கிய எழுத்தாளர் ஒருவர் தன் உரைநடையின் முழு பலத்தோடு இந்தக் களத்தில் இறங்கினார்.

அதே 2010 ஏப்ரலில் திரைப்பட விமர்சகர் ரோஜர் ஈபர்ட், வீடியோ கேம்கள் ஒருபோதும் கலையாக முடியாது என்று எழுதினார். ஆயிரக்கணக்கில் எதிர்வினைகள் குவிந்தன. சில மாதங்கள் கழித்து, ஆடிப் பார்க்காமல் அந்தக் கருத்தைச் சொல்லியிருக்கக் கூடாது என்று அவரே ஒப்புக்கொண்டார். அந்தச் சர்ச்சையில் மிஞ்சிய பயனுள்ள பாடம் அதுதான். ஆனால் துறை அதை விட்டுவிட்டு, ‘இது கலையா?’ என்ற பட்டிமன்றத்தில் பல ஆண்டுகளை வீணடித்தது.

இந்தப் பருவத்தின் உச்சம் ஆஸ்திரேலிய விமர்சகர் பிரெண்டன் கியோவின் ‘கில்லிங் இஸ் ஹார்ம்லெஸ்’ (2012). ‘ஸ்பெக் ஆப்ஸ்: தி லைன்’ என்ற ஒரே விளையாட்டைப் பற்றி ஒரு முழு நூல். மணலில் புதைந்த துபாயில் நுழையும் அமெரிக்க வீரன் வாக்கர், எதிரிகள் என்று நினைத்து வெள்ளை பாஸ்பரஸை வீசி அகதிகளை எரித்துவிடுகிறான். அந்தப் பழியை கான்ராட் என்ற தளபதியின் மேல் போட்டுக்கொண்டே ஆட்டம் முழுதும் முன்னேறுகிறான். கான்ராட் எப்போதோ இறந்துவிட்டான் என்பது கடைசியில்தான் தெரிகிறது. அதுவரை வானொலியில் கேட்ட குரல் வாக்கரின் தலைக்குள் இருந்தது. இது தெரிந்த பிறகு முதல் காட்சியிலிருந்து எல்லாமே வேறு பொருள் கொள்கின்றன. கியோ அத்தியாயம் அத்தியாயமாகப் போய் இந்த மறுவாசிப்பைச் செய்கிறார். பாதியில் நிறுத்தியவருக்கு அது இன்னொரு சுடும் விளையாட்டு, அவ்வளவுதான்.

அதே ஆண்டு மார்ச்சில் வந்த ‘மாஸ் எஃபெக்ட் 3’ இதற்கு மறுபக்கம். இதழ்கள் 90க்கு மேல் அள்ளிக் கொடுத்தன. 2007லிருந்து மூன்று பாகங்களாகத் தங்கள் முடிவுகளைச் சுமந்துவந்தவர்களோ கடைசிப் பத்து நிமிடங்களில் கொதித்துப்போனார்கள். அத்தனை தேர்வுகளும் இறுதியில் நிறம் மட்டும் மாறிய ஒரேபோன்ற காட்சிகளாகச் சுருங்கிவிட்டன என்பது அவர்கள் குற்றச்சாட்டு. விமர்சகர்கள் பலர் இதை ரசிகர்களின் பிடிவாதம் என்று ஒதுக்கினார்கள். வசைகளும் இருந்தன என்பதை மறுக்க வேண்டியதில்லை. ஆனால் வசையை நீக்கிவிட்டுப் பார்த்தால் அது அப்பழுக்கில்லாத வடிவ விமர்சனம். படைப்பு தானே விதித்துக்கொண்ட விதியைக் கடைசியில் மீறியது என்றார்கள், அது சரிதான். ஜூனில் அதை உருவாக்கிய பயோவேர் நிறுவனம் விரிவாக்கப்பட்ட முடிவை இலவசமாக வெளியிட்டது.

முடிப்பது என்றால் என்ன என்பதையே கேள்விக்குள்ளாக்கிய படைப்பு யோகோ டாரோவின் ‘நியர்: ஆட்டோமேட்டா’ (2017). முதல்முறை பெயர்ப்பட்டியல் ஓடும்போது ஆட்டம் முடியவில்லை. அது முடிவு ‘ஏ’ மட்டுமே. இரண்டாம் சுற்றில் அதே நிகழ்வுகளை வேறொரு பாத்திரமாக ஆட வேண்டும். மூன்றாம் சுற்றில் கதை அதற்கப்பால் போகிறது. கடைசியான ‘ஈ’ முடிவில் பெயர்ப்பட்டியலே எதிரியாகிச் சுடத் தொடங்கும். தனியாக அதை வெல்வது ஏறக்குறைய முடியாத காரியம். திரும்பத் திரும்பத் தோற்றபின் உதவி வேண்டுமா என்று கேட்கும். ஒப்புக்கொண்டால், உலகில் எங்கோ ஆடி முடித்த மற்றவர்களின் கலங்கள் சுற்றிலும் அணிவகுத்துக் காக்கும். அவற்றில் ஒன்று அடிபட்டால் இன்னாரின் தரவு அழிந்தது என்று திரையில் வரும். வென்றபின் ஆட்டம் ஒன்றைக் கேட்கிறது: முன்பின் தெரியாத ஒருவருக்கு உதவ, இதுவரை சேமித்த உங்கள் ஆட்டப் பதிவுகள் எல்லாவற்றையும் அழித்துவிட சம்மதமா? பல பத்து மணி நேர உழைப்பு அந்த ஒரு பொத்தானில் தொங்குகிறது. ‘ஏ’ முடிவோடு கருத்துச் சொன்னவர் இந்தப் படைப்பைப் பற்றிப் பேசவே இல்லை.

பிறகு நடந்தவை துறையின் சரிவும் மீட்சியும் கலந்தவை. 2015இல் யூரோகேமர் தளமும் 2018இல் பாலிகான் தளமும் மதிப்பெண்ணைக் கைவிட்டன. யூரோகேமர் பின்னர் நட்சத்திரங்களுக்குத் திரும்பியது. 2020 டிசம்பரில் ‘சைபர்பங்க் 2077’ வெளியாகும்முன் விமர்சகர்களுக்குக் கணினிப் பதிப்பு மட்டுமே தரப்பட்டது. பாராட்டுகள் அச்சேறின. பழைய கன்சோல்களில் ஆட்டம் தள்ளாடியது வாங்கியவர்களுக்குத்தான் தெரிந்தது. சில நாட்களில் சோனி அதைத் தன் கடையிலிருந்தே நீக்கியது. ஸ்டீம் கருத்துகளோ கட்டைவிரல் மேலா கீழா என்பதற்குள் அடங்குபவை. ஆனாலும் அந்தத் தளம் ஒரு நல்ல காரியம் செய்கிறது. எழுதியபோது எத்தனை மணி நேரம் ஆடியிருந்தார், இப்போது எத்தனை என்று இரண்டையும் பக்கத்திலேயே காட்டுகிறது. கருத்தைத் திருத்தவும் விடுகிறது. எந்த இதழும் தன் விமர்சகர்களுக்கு வைக்காத நேர்மைச் சோதனை இது.

2023 ஆகஸ்டில் ‘பால்டர்ஸ் கேட் 3’ வந்தபோது ஆட்டம் விமர்சகர்களின் கைக்குச் சேர்ந்தது வெளியீட்டுக்குச் சில நாட்கள் முன்புதான். சில தளங்கள் அவசரப்படாமல் வாரக்கணக்கில் ஆடிவிட்டு எழுதின. மூன்றாம் பகுதி முதலிரண்டின் செறிவை எட்டவில்லை, தோழர்களிடமிருந்து சரியாக விடைபெறவும் இல்லை என்று முடித்தவர்கள் சொன்னார்கள். நவம்பர் இறுதியில் வந்த ஐந்தாம் திருத்தம் ஒரு பின்கதையைச் சேர்த்தது. இன்னொரு பக்கம், ‘ஆக்‌ஷன் பட்டன்’ என்ற பெயரில் டிம் ராஜர்ஸ் மணிக்கணக்கில் நீளும் காணொளி விமர்சனங்களைச் செய்கிறார். 1994இல் வந்த ‘டோக்கிமெக்கி மெமோரியல்’ பற்றிய ஒன்று மட்டும் சுமார் ஆறு மணி நேரம். இந்த நீளத்தைக் கேலி செய்பவர்கள் உண்டு. ஆனால் இப்படிக் கடைசிவரை ஆடிவிட்டுப் பேசுபவர்கள்தான் ஸ்கார்பியாவின் உண்மையான வாரிசுகள்.

முடித்தவரே சொல்லட்டும் என்ற இந்த வாதத்துக்கு வலுவான மறுப்பு ஒன்று இருக்கிறது. பிடித்தவர்கள்தான் முடிக்கிறார்கள், அப்படியானால் முடித்தவர்களின் கருத்து பாராட்டுப் பக்கம் சாயாதா? சாயும். ஆனால் ‘மாஸ் எஃபெக்ட் 3’ காட்டியதுபோல, மிகக் கூர்மையான கண்டனமும் அங்கிருந்தே வருகிறது. நடுவில் விட்டவருக்கும் கருத்துச் சொல்ல உரிமை உண்டு. எந்த இடத்தில், ஏன் விட்டார் என்று சேர்த்துச் சொன்னால் அதுவும் விமர்சனமாகும். ‘ஃபோர்ட்நைட்’ போல முடிவற்ற விளையாட்டுகளுக்கு, ஆடுபவர் அலுத்து வெளியேறும் இடத்தை முடிவாகக் கொள்ளலாம்.

தமிழுக்கு இதில் நேரடியான பங்கு ஒன்று உண்டு. டொரண்டோவின் விசை கேம்ஸ் 2023இல் வெளியிட்ட ‘வெண்பா’, கனடாவுக்குக் குடிபெயர்ந்த தமிழ்க் குடும்பத்தின் கதை. தொடக்கத்தில் அம்மா வெண்பா சிதைந்துபோன சமையல் குறிப்பேட்டை வைத்துக்கொண்டு இட்லி ஊற்றுகிறாள். தட்டுகளை எப்படி அடுக்கினால் ஆவி மேலே ஏறும் என்பதுதான் அங்கே புதிர். பிற்பகுதியில் ஆட்டம் மகன் கவினின் கைக்கு மாறும்போது, அம்மாவின் தமிழ் அவனுக்கு முழுதாகப் பிடிபடுவதில்லை. ஆடுபவரும் அந்த அரைகுறை அறிவோடுதான் சமைக்க வேண்டியிருக்கிறது. முதல் இட்லியை ஊற்றியவருக்கு இந்த இழப்பின் எடை கையிலேயே தெரியும். 2024இல் இது சுயாதீன விளையாட்டு விழாவின் பெரும்பரிசையும் பாஃப்டாவின் அறிமுகப் படைப்பு விருதையும் வென்றது. இரண்டு மணி நேரத்துக்குள் முடிந்துவிடுகிறது என்பதே அதன் மீது அதிகம் சொல்லப்பட்ட குறை. மணிக்கணக்கில் அளந்து பழகியவர்களின் குறை அது. தமிழில் வீடியோ கேம் பேச்சு பெரும்பாலும் நேரலையிலேயே நிற்கிறது. அங்கே ஆடும்போதே கருத்தும் சொல்லியாக வேண்டும். ‘வெண்பா’வை ஒரே மாலையில் முடித்துவிடலாம். கவினின் அத்தியாயங்கள் தொடக்கத்தை எப்படித் திருத்தி எழுதுகின்றன என்று, ஸ்பாய்லருக்கு அஞ்சாமல் தமிழில் விரிவாக ஒரு கட்டுரை எழுதப்பட வேண்டும். இந்த மொழியில் அந்த வகை எழுத்தைத் தொடங்குவதற்கு இதைவிடப் பொருத்தமான விளையாட்டு இப்போதைக்கு இல்லை.