பதினாறடிக் கூடமும் முப்பதடிக் கூடமும்

ஆங்கில நாவலாசிரியை ஜேன் ஆஸ்டினைக் காதற்கதைகள் எழுதியவர் என்றே நம்மிற் பலர் அறிவோம். கல்லூரியில் அவரைப் பாடமாகக் கற்ற நாட்களில் நாமும் அவ்வாறே எண்ணியிருந்தோம். யார் யாரை மணப்பார் என்ற ஒரே வினாவே அந்நாவல்களை நகர்த்துவதாக நமக்குத் தோன்றியது. சென்ற ஆண்டு, முற்றமும் தாழ்வாரமும் கொண்ட நம் பழைய குடும்ப வீட்டை விற்று, இரண்டு படுக்கையறைகளே உள்ள ஒரு சிறு வீட்டிற்குக் குடிபெயர்ந்தோம். நூல்களைக் கட்டி வைக்கும்போது 'சென்ஸ் அண்ட் சென்சிபிலிட்டி' கைக்கு வந்தது. நின்றபடியே புரட்டியவர்கள், பின்னர்த் தரையில் அமர்ந்து படித்தோம். மூட்டை கட்டும் வேலை இரண்டு நாள் தடைப்பட்டது. பெரிய வீட்டை விட்டுச் சிறிய வீட்டிற்குச் செல்லும் குடும்பத்தைப் பற்றி இத்துணை நுட்பமாக எழுதப்பட்ட நாவலை, காதற்கதை என்று சொல்லி எப்படி ஒதுக்கினோம் என்ற வியப்பு இன்னும் நீங்கவில்லை.

1811-இல் ஆசிரியர் பெயரின்றி, 'ஒரு சீமாட்டி எழுதியது' என்ற குறிப்போடு வெளிவந்த நாவல் இது. இங்கிலாந்தின் சசெக்ஸ் பகுதியில் நார்லண்ட் என்னும் மாளிகை. முதியவர் ஒருவரின் உயில் அதை முதல் மனைவியின் மகனான ஜான் டாஷ்வுட்டின் வழிக்குக் கட்டிவைத்துவிடுகிறது. தந்தை ஓராண்டுக்குள் இறக்கிறார். இரண்டாம் மனைவிக்கும் மூன்று பெண்மக்களுக்கும் எஞ்சுவது பத்தாயிரம் பவுண்டு. ஆண்டுக்கு ஐந்நூறு பவுண்டு வருவாய். இது வறுமையன்று. ஆனால் மாளிகையில் வாழ்ந்து பழகியவர்க்கு அது வேறோர் உலகம்.

நாவலின் இரண்டாம் அதிகாரத்தைப் பற்றித் தனியே சொல்லியாக வேண்டும். மரணப்படுக்கையில் தந்தைக்கு அளித்த வாக்கின்படி, தங்கையர்க்கு மூவாயிரம் பவுண்டு தர ஜான் உறுதி கொள்கிறான். மனைவி ஃபேனி பேசத் தொடங்குகிறாள். மூவாயிரம் ஆயிரத்தைந்நூறாகிறது. பிறகு, தாய் உயிரோடிருக்கும்வரை ஆண்டுக்கு நூறு என்றாகிறது. பிறகு, எப்போதாவது ஓர் ஐம்பது. இறுதியில், வீடு பார்த்துக் கொடுப்பது, சாமான்களை ஏற்றி இறக்க உதவுவது, பருவத்தில் மீனும் வேட்டையிறைச்சியும் அனுப்புவது என்ற அளவில் தந்தையின் கடைசி விருப்பம் நிறைவேறியதாக இருவரும் மனநிறைவு அடைகின்றனர். இவர்களிடம் ஒரு கடுஞ்சொல் இல்லை. எல்லாம் அன்பான உரையாடல்தான். அவ்வளவும் முடிந்தபின், அந்த விதவைத் தாய் கொண்டுசெல்லும் பீங்கான் கோப்பைகள் அவள் போகும் சிறு வீட்டிற்குப் பொருந்தாத அளவு அழகானவை என்று ஃபேனி வருந்துகிறாள்!

இவ்விடத்தில் நாம் நூலை மூடிவைத்தோம். வீட்டை விற்குமுன், கணவரை இழந்த நம் தங்கைக்கு ஒரு தொகை தருவதாக நாமும் சொல்லியிருந்தோம். பத்திரச் செலவு, புதுவீட்டின் மராமத்து, பிள்ளையின் படிப்பு என்று ஒவ்வொன்றாகச் சொல்லி அத்தொகை எவ்வளவாகச் சுருங்கியிருந்தது என்பதை இங்கு எழுத நாணுகிறோம். கடைசியாக, அம்மாவின் வெண்கலப் பானைகளை அவளே எடுத்துக்கொள்ளட்டும் என்று பெருந்தன்மையோடு பேசிக்கொண்டிருந்தோம். ஒரு நாவல் வாசகனை இப்படி இருந்த இடத்திலேயே பிடித்து நிறுத்துமானால், அதன் ஆசிரியரைப் பொழுதுபோக்கு எழுத்தாளர் என்று சொல்ல இயலுமா?

தாயும் மக்களும் டெவன்ஷயர் பகுதியில் பார்ட்டன் காட்டேஜ் என்னும் சிறு வீட்டிற்குச் செல்கின்றனர். குதிரைகள் முன்னமே விற்கப்பட்டன. வண்டியையும் விற்றுவிடச் சொல்பவள் மூத்தவள் எலினோர். பணியாளர் மூவர் போதும் என்று வரையறுப்பவளும் அவளே. இளையவள் மரியான் நார்லண்டின் மரங்களோடு பேசி விடைபெறுகிறாள். இளமையில் நம்மைக் கவர்ந்தவள் மரியான். இன்று நம் கண் எலினோரின் கணக்கில் நிற்கிறது. மரியானின் துயரத்தை ஆசிரியர் எள்ளுகிறார் என்பர் சிலர்; நமக்கு அப்படித் தோன்றவில்லை. அவள் அழுதுகொண்டிருக்கும் வேளையில் வேறொருத்தி பட்டியல் எழுதிக்கொண்டிருந்தாள் என்பதை மட்டுமே அவர் காட்டுகிறார். அந்த மற்றொருத்திக்கும் அது வளர்ந்த வீடுதான் என்பதை வாசகரே நினைத்துக்கொள்ள வேண்டும்.

பார்ட்டன் வீட்டை ஆஸ்டின் அளந்தே காட்டுகிறார். வாயிலின் இருபுறமும் 16 அடிச் சதுரத்தில் ஒவ்வோர் அறை. நடுவே குறுகிய நடை. மேலே நான்கு படுக்கையறைகள், இரண்டு பரண் அறைகள். மாடிப்படி இருட்டு, சமையலறையில் புகை. இந்த வீட்டைப் பற்றி வியந்து பேசுவோர் யார் என்று பாருங்கள். விருந்தினனாக வரும் வில்லோபி, இதில் ஒரு கல்லையும் மாற்றக்கூடாது என்கிறான். ராபர்ட் ஃபெரர்ஸ் என்னும் செல்வந்த இளைஞன், சிறு குடில்களைப் போல இன்பமானவை உலகில் இல்லை என்று இலண்டனில் அமர்ந்து சொற்பொழிவாற்றுகிறான். பதினெட்டு இணைகள் நடனமாட இடமுள்ள 'குடில்' அவன் மனத்தில் இருப்பது! அவனுடைய பேச்சு மறுத்துரைக்கவும் தகுதியற்றது என்று எலினோர் எல்லாவற்றிற்கும் தலையசைத்து வைக்கிறாள். சிறிய வீட்டின் அழகைப் பாடுவோர் அதில் வாழ வேண்டிய தேவையில்லாதவர்கள்.

ஒரு குறையையும் சொல்லத்தான் வேண்டும். அந்தப் புகையை நாள்தோறும் குடித்தவர்கள் எலினோர் முதலியோர் அல்லர், நார்லண்டிலிருந்து உடன் வந்த பணிப்பெண்கள் இருவர். அவர்களைப் பற்றி நாவல் ஏறக்குறைய வாய் திறப்பதில்லை.

ஆஸ்டின் இதைக் கற்பனையால் மட்டும் எழுதவில்லை. அவர் தந்தை ஸ்டீவென்டன் சிற்றூரில் ஆங்கிலிக்கன் பங்குக்குரு. அச்சபையில் குருக்கள் மணம் புரிவதுண்டு. 1801-இல் அவர் ஓய்வு பெற்று பாத் நகருக்குப் பெயர்ந்தபோது, ஐந்நூறுக்கு மேற்பட்ட நூல்களைக் கொண்ட அவருடைய நூலகமும், ஜேன் வாசித்த பியானோவும் விற்கப்பட்டன. 1805-இல் தந்தை மறைந்தபின், தாயும் இரு மக்களும் சகோதரர்கள் அளித்த தொகைகளைக் கொண்டு இடம் மாறி இடம் வாழ்ந்தனர். 1809-இல்தான் செல்வந்தச் சகோதரர் எட்வர்ட் சாட்டன் என்னும் ஊரில் ஒரு வீடு தந்தார். அங்கிருந்தே இந்நாவல் அச்சுக்குச் சென்றது. கதையில் மரியானின் பியானோ மட்டும் விற்கப்படாமல் புதுவீட்டிற்கு வந்து சேர்கிறது. அதைப் படிக்கும்போது நம் நெஞ்சு சற்றே கனக்கிறது.

இந்நாவலைத் தழுவி இராஜீவ் மேனன் இயக்கிய 'கண்டுகொண்டேன் கண்டுகொண்டேன்' 2000-இல் வெளிவந்ததை அன்பர்கள் அறிவர். நார்லண்டைக் காரைக்குடிப் பகுதியின் பெருவீடாக்கியது மிகப் பொருத்தம். உயிலால் வீட்டை இழந்து குடும்பம் சென்னைக்கு வருகிறது. மூத்தவள் கணினி நிறுவனத்தில் பணிபுரிகிறாள், இளையவள் பின்னணிப் பாடகியாகிறாள். ஆஸ்டினின் பெண்களுக்கு இத்தகைய வழி இல்லை. செலவைக் குறைப்பது ஒன்றே அவர்களால் இயன்றது. எனவே இம்மாற்றத்தைக் குற்றமாகக் கூறமாட்டோம். ஆயினும் படத்தில் சிறு வீடு ஏறிச்செல்லும் வழியில் ஒரு தங்குமடமாகிவிடுகிறது. கேமரா தூண்களை நேசித்த அளவு அந்தச் சிற்றறைகளை நேசிக்கவில்லை. குறைந்ததைக் கொண்டு வாழும் கலை, பாடல்களுக்கிடையே எங்கோ நழுவிற்று.

ஆஸ்டினின் மறைவுக்குப் பின் 1817 இறுதியில் வெளிவந்த 'பெர்சுவேஷன்' நாவலிலும் ஒரு குடிபெயர்ப்பு உண்டு. கடனில் மூழ்கிய சர் வால்ட்டர் எலியட், செலவைச் சுருக்கச் சொன்னால், அப்படி வாழ்வதைவிட வீட்டையே விட்டுப் போகிறேன் என்கிறார். கெல்லிஞ்ச் மாளிகை ஒரு கடற்படைத் தளபதிக்கு வாடகைக்குப் போகிறது. புறப்படுமுன் நூல்களுக்கும் ஓவியங்களுக்கும் படிப்பட்டியல் எழுதுவதும், ஊரில் ஏறக்குறைய வீடுதோறும் சென்று விடைபெறுவதும் இரண்டாம் மகள் ஆன் ஒருத்தியே. பாத் நகரில் வாடகை வீட்டில், முப்பது அடி இடைவெளியில் நிற்கும் இரு சுவர்களைக் காட்டி மூத்தவள் பெருமைப்படுவதை அவள் வருத்தத்தோடு பார்க்கிறாள். பார்ட்டனின் 16 அடி அறையில் குடும்பம் கூடி அமர்ந்திருந்தது. இந்த 30 அடிக் கூடத்திலோ வருவோர்க்குக் காட்டிக்கொள்ளும் வாழ்க்கைதான். தந்தையின் மாளிகை இப்போது தகுதியானவர்கள் கையில் இருக்கிறது என்று ஆன் தனக்குள் ஒப்புக்கொள்ளும் இடம் நம்மை நெடுநேரம் வருத்திற்று. நம் பழைய வீட்டை வாங்கியவர்கள் கிணற்றைத் தூர்வாரியிருக்கிறார்கள் என்று கேள்வியுற்றோம். நாம் இருபது ஆண்டுகளாகச் செய்யாத வேலை அது.

திருமதி டாஷ்வுட் பார்ட்டனுக்கு வந்த முதல் நாளே, வசந்தம் வந்ததும் சுவரை இடித்து அறைகளைப் பெரிதாக்கத் திட்டமிடுகிறாள்; வாழ்நாளில் ஒருபோதும் பணம் சேமித்தறியாதவள், சேமித்துக் கட்டப்போகிறாளாம். எல்லாத் திருமணங்களும் முடிந்தபின், மகள்களின் வசதியான இல்லங்களுக்கருகே அவள் குடிபெயர்ந்துவிடுவாள் என்று நாம் எதிர்பார்க்கிறோம். அவள் போகவில்லை. கடைக்குட்டி மார்கரெட்டோடு அந்தச் சிறு வீட்டிலேயே இருந்துவிடுகிறாள்.