இறங்காமல் எழுவது

இறங்க வந்த விமானம் இறங்காமல் திரும்ப எழுவதுதான் கோ-அரவுண்ட். அதன் அழகு அந்த முடிவு எடுக்கப்படும் உயரத்தில் இருக்கிறது. ஆயிரம் அடியில் எடுத்த முடிவும் பத்து அடியில் எடுத்த முடிவும் பயணியின் வயிற்றுக்கு ஒன்றுதான். ரசிகருக்கு இரண்டும் வேறு. வடசேரி பஸ் ஸ்டாண்டில் ஏறி, மார்த்தாண்டம், களியக்காவிளை தாண்டி, சுமார் 70 கிலோமீட்டர் போய் கல்ஃப் விமானம் பிடிக்கிற குமரி மாவட்டத்துக்காரர்களுக்குத் திருவனந்தபுரம்தான் சொந்த விமான நிலையம். சங்குமுகம் கடற்கரையை ஒட்டி நீளும் அந்த ரன்வேயில் தென்மேற்குப் பருவக்காற்று சாய்வாகக் குறுக்கே அடிக்கும். மழை கடலிலிருந்து நேரே ஏறி வரும். சக்கரம் இறக்கி வந்த விமானம் தரை தொடாமல் திரும்ப எழுவதைப் பார்க்க விரும்புகிறவர்களுக்கு ஜூன், ஜூலையைவிட நல்ல காலம் அங்கே இல்லை.

முதல் வாசல் 1000 அடி. மேகத்துக்குள் இறங்குகிற விமானம் அந்த உயரத்திலும், கண்ணுக்கு எல்லாம் தெளிவாகத் தெரிகிற நாளில் 500 அடியிலும் அடங்கியிருக்க வேண்டும். வேகம், இறங்கும் வீதம், ஃபிளாப், சக்கரம், எஞ்சின் த்ரஸ்ட் எல்லாம் கணக்குக்குள் வந்திருக்க வேண்டும். ஒன்று பிசகினாலும் மேலேறிவிட வேண்டும். விதி இவ்வளவு தெளிவாக இருந்தும் நடப்பது வேறு. இப்படி அடங்காத அப்ரோச்களில் நூற்றுக்கு மூன்றுதான் கோ-அரவுண்டில் முடிகின்றன என்று ஃபிளைட் சேஃப்டி ஃபவுண்டேஷனின் ஆய்வு கண்டது. மீதி 97-உம் இறங்குகின்றன, பெரும்பாலும் சேதமில்லாமல். சேதமில்லாமல் முடிவதுதான் ஆபத்து. ஒவ்வொரு முறையும் விதி கொஞ்சம் இளகிப்போகிறது. 1000 அடியில் விட்டுவிடுகிற விமானியை யாரும் படம் எடுப்பதில்லை. கோயில் நகை செய்யும் வடசேரி ஆசாரி கோணலாக உட்கார்ந்த கெம்புக் கல்லைப் பதித்து முடிக்குமுன் எடுத்துவிடுவதைப் போல, செய்தவருக்கு மட்டுமே தெரியும் வேலை அது. கலையில் மேலான பகுதியும் அதுவே.

அடுத்தது மினிமம்ஸ், கருவியை மட்டும் நம்பி இறங்கக்கூடிய கடைசி உயரம். சாதாரண ஐஎல்எஸ் அப்ரோச்சில் அது 200 அடி. அங்கே ரன்வேயோ அதன் விளக்குகளோ தெரியாவிட்டால் எழ வேண்டியதுதான். இதில் கீழ்ப்படிய வேண்டியது மட்டும் உண்டு, ரசிக்க அதிகம் இல்லை.

ரசிக்க வேண்டியது அதற்கும் கீழே, ரன்வே கண்ணெதிரே விரிந்து கிடக்கும்போது எடுக்கிற முடிவு. தமிழ்நாட்டில் அதற்கு இணையற்ற எடுத்துக்காட்டு 2024 நவம்பர் 30 அன்று சென்னையில் நடந்தது. ஃபெஞ்சல் புயல் புதுச்சேரிக் கரையை நெருங்கிக்கொண்டிருந்தது. மும்பையிலிருந்து வந்த இண்டிகோ 6இ 683, ஏர்பஸ் ஏ320 ரகம், பலத்த குறுக்குக்காற்றிலும் மழையிலும் இறங்கியது. ரன்வேயைத் தொடும் தறுவாயில் காற்று தள்ள, விமானம் ஒரு பக்கமாகச் சாய்ந்தது. அந்தக் கணத்தில் விமானியின் உடம்பு முழுவதும் கேட்பது ஒன்றுதான்: இறக்கையை நிமிர்த்து, சக்கரத்தை ஊன்று, முடித்துவிடு. அப்ரோச் தொடங்கியதிலிருந்து கை பழகிவந்த திசையும் அதுதான். அந்தத் திசையை விட்டு த்ரஸ்ட் லீவரை முன்னே தள்ளியதுதான் 6இ 683-இன் பெருமை. தள்ளியவுடன் எஞ்சின் முழு வேகத்துக்கு வந்துவிடாது, சில விநாடி பிடிக்கும். அதுவரை விமானம் இன்னும் கொஞ்சம் அமிழும். அவசரப்பட்டு மூக்கைத் தூக்கினால் வால் தரையில் உரசும். பயந்து அழுத்தினால் சக்கரம் மோதும். இரண்டுக்கும் நடுவே இறக்கையைச் சமப்படுத்திக்கொண்டு, எஞ்சின் வரும்வரை காத்திருக்க வேண்டும். அந்தக் காத்திருப்பு அப்போது எடுத்த வீடியோப் படத்தில் கண்ணுக்குத் தெரிகிறது. பிறகு விமானம் மழைக்குள் ஏறி மறைகிறது. விமான நிலையமே மறுநாள் அதிகாலைவரை மூடப்பட்டது.

அந்தப் படத்தைப் பார்த்தவர்கள் மயிரிழையில் தப்பிய விபத்து என்றார்கள். இது வழக்கமான, பாதுகாப்பான நடவடிக்கைதான் என்று நிறுவனம் அறிக்கை விட்டது. அறிக்கை சரி, ஆனால் செய்த வேலையின் அருமை அதில் வரவில்லை. குறுக்குக்காற்றில் எப்படியோ சக்கரத்தை ஊன்றி நிறுத்துகிறவரே சூரர் என்பது இன்னொரு கட்சியின் ரசனை. அந்த இறக்கங்களிலும் திறமை உண்டு, மறுப்பதற்கில்லை. ஆனால் இறங்கியதும் கைதட்டுகிற கூட்டம் கோ-அரவுண்டுக்கு முகம் சுளிக்கிறது. இப்போது அந்த ரசனையே எங்கும் நிற்கிறது. 2025 ஆகஸ்ட் 10 அன்று திருவனந்தபுரத்திலிருந்து டெல்லிக்குப் புறப்பட்டுச் சென்னைக்குத் திருப்பப்பட்ட ஏர் இந்தியா விமானம் அங்கே ஒரு முறை இறங்காமல் எழுந்தது. பேச்செல்லாம் ரன்வேயில் வேறு விமானம் நின்றதா இல்லையா என்பதிலேயே போயிற்று. எழுந்த விதத்தைப் பற்றிப் பேச ஆளில்லை.

சக்கரம் தொட்ட பிறகும் எழலாம். ஆனால் அங்கே த்ரஸ்ட் ஏறியதா என்று கை உணர வேண்டும். 2016 ஆகஸ்ட் 3 அன்று திருவனந்தபுரத்திலிருந்து துபாய் போன எமிரேட்ஸ் இகே521 அதற்குச் சாட்சி. காற்று மாறியதால் போயிங் 777 ரன்வேயில் வெகுதூரம் தள்ளித் தொட்டது. எழுவதென்று எடுத்த முடிவில் தவறில்லை. கோ-அரவுண்ட் பொத்தானும் அழுத்தப்பட்டது. ஆனால் சக்கரம் தரையைத் தொட்டபின் அந்தப் பொத்தான் வேலை செய்யாது. த்ரஸ்ட் ஏறவில்லை, அதை விமானிகள் இருவரும் உரிய நேரத்தில் கவனிக்கவில்லை. சக்கரத்தை மடக்கிக்கொண்டு சுமார் 85 அடி எழுந்த விமானம் ரன்வேயில் விழுந்து எரிந்தது. விமானத்தில் இருந்த 300 பேரும் உயிரோடு வெளியே வந்தார்கள். தீயணைப்பு வீரர் ஒருவர் இறந்தார். ஏர்பஸ்ஸில் லீவரைத் தள்ளினால்தான் கோ-அரவுண்ட். போயிங்கில் பொத்தானை அழுத்தினால் லீவர் தானே நகரும், அதைக் கை உணரும், அதுவே மேல் என்பார்கள் போயிங் பிரியர்கள். உணர்கிற கை இருந்தால் மேல்தான்.

ரிவர்ஸ் த்ரஸ்டைத் தொட்டுவிட்டால் கதவு மூடிவிட்டது. பிறகு நின்றே ஆக வேண்டும். 2010 மே 22 அன்று மங்களூரில் ஏர் இந்தியா எக்ஸ்பிரஸ் விமானம் ரிவர்ஸ் போட்டபின் எழ முயன்று, மேட்டு ரன்வேயின் விளிம்பைக் கடந்து விழுந்தது. 158 பேர் இறந்தார்கள். அதற்கு முன்பே துணை விமானி மூன்று முறை கோ-அரவுண்ட் சொல்லியிருந்தார். 2020 ஆகஸ்ட் 7 அன்று கோழிக்கோட்டில் முதல் முயற்சியில் முறையாக எழுந்த ஒரு விமானம், இரண்டாம் முறை ரன்வேயின் பாதிவரை மிதந்துபோய்த் தொட்டது. அங்கேயும் துணை விமானி சொன்னார், அங்கேயும் கேட்கப்படவில்லை. 21 உயிர் போயிற்று. இந்தக் கலையில் கேப்டனின் கையைவிட வலது இருக்கையிலிருந்து வரும் குரல் பெரியது. அந்தக் குரல் வந்தால் ஏன் என்று கேட்காமல் எழ வேண்டும். மூப்புக்கு மரியாதை தருவதும் இளையவர் குரலைத் தாழ்த்திப் பேசுவதும் ஊறிப்போன நாட்டில், காக்பிட்டில் இதை வளர்ப்பது எளிதல்ல. வளர்க்காமல் தீராது.

எழுந்த பிறகு மிச்சமிருப்பது எரிபொருள். 2015 ஆகஸ்ட் 18 அதிகாலை, தோஹாவிலிருந்து வந்த ஜெட் ஏர்வேஸ் 9டபிள்யூ 555 கொச்சியில் மூன்று முறை எழுந்து, திருவனந்தபுரம் வந்து, அங்கேயும் மூன்று முறை எழுந்து, ஏழாவது முயற்சியில் இறங்கியது. தொட்டியில் மிஞ்சியது 350 கிலோவுக்கும் குறைவு; பத்து நிமிடம் பறக்கப் போதாது. கடைசி இருப்பாக 30 நிமிட எரிபொருள் வேண்டும் என்பது விதி. உயிர் காத்ததற்காக இந்த இறக்கத்தைப் போற்றுகிறவர்கள் உண்டு. ஆனால் கைவிடத் தெரிந்தவர் ஊரையும் கைவிடத் தெரிந்திருக்க வேண்டும். கொச்சியும் திருவனந்தபுரமும் ஒரே கரையில், ஒரே மழைக்குள் இருப்பவை. கேரளக் கரை இருண்டு கிடக்கும்போது ஆரல்வாய்மொழிக் கணவாய்க்குக் கிழக்கே வெயில் அடிப்பது நாஞ்சில் நாட்டில் தெரியாதவர் இல்லை. எரிபொருள் இருக்கும்போதே, கொச்சியில் இரண்டாம் முறை எழுந்தவுடனே, மலைக்குக் கிழக்கே திரும்பியிருக்க வேண்டும்.