ஒத்து ஊதுகிறவன்

போன வருஷம் ஒரு நாவலுக்கு எழுதிய மதிப்புரையில், அதன் ஆசிரியர் அதிகாரத்துக்கு ஒத்து ஊதுகிறார் என்று எழுதியிருந்தேன். எழுதும்போது கொஞ்சம் திருப்தியாகக்கூட இருந்தது. இதழ் வீட்டுக்கு வந்தபோது பெரியப்பா அதை எடுத்துப் படித்திருக்கிறார். கோட்பாட்டுக் கட்டுரைகளையெல்லாம் தள்ளிக்கொண்டே போய் அந்த வரியில் நின்றுவிட்டார். "இவரு எந்தக் கோயில்லடா ஊதுனாரு? ராத்திரி பூரா நின்னாராமா?" என்றார். கிண்டலா கோபமா, முகத்தில் தெரியவில்லை. பெரியப்பா கீழத்தஞ்சையில் ஒரு மேளக் குழுவில் பத்துப் பதினைந்து வருஷம் ஒத்து ஊதியவர்.

அதற்குச் சில நாள் கழித்து, கூட்டம் முடிந்து டீக்கடையில் நின்றபோது துளைக்கருவிகளில் யாருக்கு எது பிடிக்கும் என்று பேச்சு திரும்பியது. ஒரு தோழர் புல்லாங்குழல் என்றார். இன்னொருவர் உடனே மடக்கினார்: குழலை சபா கூப்பிட்டு உட்கார வைத்தது, நாயனத்தை வாசலில் நிற்க வைத்தது, பிடிக்கும் பிடிக்காது என்பது வெறும் ருசி சம்பந்தப்பட்டதா என்றார். நான் அவர் பக்கம் சேர்ந்துகொண்டேன். (நாகஸ்வரமா நாதஸ்வரமா என்கிற சண்டைக்குள் போகவில்லை. பெரியப்பா நாயனம் என்பார், நானும் அப்படியே எழுதுகிறேன்.)

அன்றைக்கு நாங்கள் பேசியதில் தப்பில்லை. எம்.ஏ.வில் படித்த அரங்கேற்று காதை குழலோனுக்கென்று தனியே இலக்கணம் சொல்கிறது. குறளில் குழல் இனிமைக்கு அளவுகோல். கண்ணன் கையில் கொடுத்துப் பக்தி அதைப் புனிதமாக்கியது. கும்பகோணம் சரப சாஸ்திரி (1872–1904) அதைக் கச்சேரிக் கருவியாக நிலைநிறுத்தினார். மாலி (1926–1986) வாய்ப்பாட்டின் குழைவு அத்தனையையும் அதற்குள் கொண்டுவந்தார். மாலியைக் கேட்டு நானும் கரைந்திருக்கிறேன், மறைப்பானேன். ஆனால் குழலில் எச்சில் தெரிவதில்லை. நாயனத்தில் அப்படி முடியாது. நாணல் தட்டையில் செய்த சீவாளியை வாயில் வைத்து நனைத்துப் பதப்படுத்தி, உதட்டால் கவ்வி ஊதவேண்டும். எச்சில் படாமல் ஒரு ஸ்வரம் பிறக்காது. தீட்டின் இலக்கணம் முழுக்கத் தெரிந்த சமூகம் இந்த எச்சில் நாதத்தைச் சாமிக்கு வேண்டும் என்று வைத்துக்கொண்டு, ஊதுகிறவரை மட்டும் தோளில் துண்டில்லாமல் நிற்கச் சொன்னது. கானாடுகாத்தானில் செட்டியார் வீட்டுக் கல்யாண ஊர்வலத்தில், வியர்வை துடைக்கத் துண்டு வைத்திருந்த மதுரை சிவக்கொழுந்துவை அதை எடுக்கச் சொன்னதையும், எடுக்காதே என்று பட்டுக்கோட்டை அழகிரி முன்னால் நின்றதையும் சுயமரியாதை இயக்கத்தார் இன்றும் சொல்வார்கள்.

பிறகு ராஜரத்தினம் (1898–1956). நாயனத்தைப் பற்றி நம்ம பக்கத்து ஆட்கள் பேச ஆரம்பித்தால் திருவாவடுதுறைக்குத்தான் போய்ச் சேருவார்கள், நானும் போவேன். நரசிங்கம்பேட்டை ரங்கநாதன் ஆசாரியைக் கொண்டு, கட்டையான பழைய திமிரிக்குப் பதில் நீண்ட பாரி நாயனம் செய்வித்துச் சுருதியை இறக்கியது, கிராப்பு, கோட்டு, மேடையில் வாய்ப்பாட்டுக்காரர்களுக்குச் சமமாக உட்கார்ந்தது, 1947 ஆகஸ்டில் தில்லியில் சுதந்திர விழாவில் வாசித்தது; இதற்கெல்லாம் பிறகும் சங்கீத கலாநிதி பட்டம் அவருக்குக் கடைசிவரை தரப்படவில்லை என்பது. இந்தக் கலகக் கதையாடலில் போகிறபோக்கில் ஒரு வரி வரும்: ஒத்தை விலக்கித் தம்பூராவை வைத்துக்கொண்டார். நானே இரண்டு கூட்டங்களில் இந்த வரியைச் சொல்லிக் கைதட்டு வாங்கியிருக்கிறேன். விலக்கப்பட்டது ஒரு கருவி என்றுதான் நினைத்திருந்தேன். அதை ஊதியவர்கள் எங்கே போனார்கள் என்று யாரும் கேட்கவில்லை. பெரியப்பா வீட்டில் வளர்ந்த நானும் கேட்கவில்லை.

ஒத்து பார்வைக்கு நாயனம் மாதிரியே இருக்கும். சீவாளி உண்டு, அணசு உண்டு. விரல் வைக்கிற துளை மட்டும் கிடையாது. நாயனத்தில் பன்னிரண்டு துளை, அதில் ஏழு விரலுக்கு. ஒத்தில் அடிப்பக்கம் சில துளைகள் மாத்திரம், அவற்றையும் மெழுகு வைத்து அடைத்துத்தான் சுருதி சேர்ப்பார்கள். ஒரே ஸ்வரம். அது அறுபடக் கூடாது. மூச்சு வாங்கப் போகிறோம் என்று நிறுத்த முடியாது: கன்னத்தில் காற்றைத் தேக்கி, அதை அழுத்தி வெளியே தள்ளிக்கொண்டே மூக்கால் உள்ளே இழுக்கவேண்டும். சாமி புறப்பாட்டில் மல்லாரியில் ஆரம்பித்து நாலு வீதியும் சுற்றி வரும்வரை இதுதான் வேலை. நாயனக்காரர் நிறுத்தலாம், தவிலுக்கு இடம் விடலாம், வெற்றிலை போடலாம். தவில்காரர் தனி வாசித்துவிட்டுத் தலையைத் துவட்டலாம். ஒத்துக்காரருக்கு அந்த இடைவெளி கிடையாது. சம்பளம் பிரிக்கும்போது தாளக்காரருக்கும் அவருக்கும் கடைசிப் பங்கு. சிறு பையன்களைப் பழக்கத்துக்காக நிறுத்துவார்கள். கை சரியாக வராமல் போனவர்கள் அங்கேயே வயசாவார்கள். பெரியப்பா இரண்டாவது ரகம். அதை அவரே சொல்வார்.

ராஜரத்தினத்தின் தோடியில் காந்தாரம் அசைகிறதே, அந்த அசைவு காதுக்கு அசைவாகப் படுவதற்குக் கீழே ஒன்று அசையாமல் இருக்கவேண்டும். இசை தெரிந்தவர்களுக்கு இது பாலபாடம். ஆனால் நாம் எழுதுகிற இசை வரலாற்றில் அந்தக் கீழே இருப்பதற்குப் பெயர் சுருதி, ஆள் கிடையாது. 'தில்லானா மோகனாம்பாள்' (1968) பார்த்தவர்களுக்கு சிக்கல் சண்முகசுந்தரம் தெரியும், பாலையாவின் தவில் தெரியும், திரைக்குப் பின்னால் ஊதிய சேதுராமன்–பொன்னுசாமி சகோதரர்களைத் தெரிந்தவர்களும் உண்டு. சுருதிக்காரன் என்று ஒருவன் யார் நினைவிலும் இல்லை. கானாடுகாத்தான் கதையை இப்போது யோசித்தால் எனக்கு வேறொரு கேள்வி வருகிறது. அன்று சிவக்கொழுந்துவுக்குப் பின்னால் ஒத்து பிடித்து நின்றவர் தோளில் துண்டு இருந்ததா?

மொழி அவரை மறக்கவில்லை, வேறு வகையில் நினைவு வைத்திருக்கிறது. ஒத்து ஊதுகிறவன், ஜால்ரா போடுகிறவன், தாளம் போடுகிறவன், பின்பாட்டுப் பாடுகிறவன். கச்சேரியில் முன்னால் உட்காருகிறவர்களை வைத்து இப்படி ஒரு வசவு தமிழில் எனக்குத் தட்டுப்படவில்லை. கீழ்ப்பங்கு வாங்குகிற உழைப்பைத்தான் கூழைக்கும்பிடுக்கு உவமையாக்கியிருக்கிறோம். சாதிப் பெயரை வசவாகச் சொன்னால் கொதிக்கிற நம் இதழ்களில்கூட இந்தச் சொற்கள் துண்டறிக்கை துண்டறிக்கையாக ஓடுகின்றன. அதிகாரத்துக்கு ஆமாம் போடுகிறவன் எப்போது வேண்டுமானாலும் மூச்சு விட்டுக்கொள்ளலாம், கட்சியும் மாறலாம். ஒத்துக்காரர் மாறினால் கச்சேரி அங்கேயே கெட்டுப்போகும். உவமையே பொருந்தவில்லை என்று பெரியப்பாவின் ஒரு கேள்வியில் தெரிந்துவிட்டது. மதிப்புரை எழுதியவனுக்குத்தான் தெரியவில்லை.

இதைச் சொன்னால் அடுத்து என்ன வரும் என்று தெரியும். ஒத்தை மீட்போம், விழா எடுப்போம், பல்கலைக்கழகத்தில் ஒரு கருத்தரங்கு. எனக்கு அதில் சம்மதமில்லை. சுருதிப்பெட்டி வந்தபோது பெரியப்பா அழவில்லை. "அப்பாடான்னு இருந்துச்சுடா, பல்லெல்லாம் ஆடிப்போச்சு" என்றார். பிறகு அரிசி மண்டியில் கணக்கு எழுதப் போனார், அங்கே உட்கார நாற்காலி இருந்தது. 2022இல் நரசிங்கம்பேட்டை நாயனத்துக்குப் புவிசார் குறியீடு கிடைத்ததைச் சொன்னபோது, "ஆசாரிக்கு ஆர்டர் வருதாமா?" என்று மட்டும் கேட்டார். அவருடைய விடுதலையைப் பிடுங்கி என் ரசனைக்குத் தீனி போட முடியாது.

ஆனாலும் டீக்கடைக் கேள்விக்கு இப்போது என் பதில் ஒத்துதான். காரணம் பரிதாபம் இல்லை, காது. வாசிக்க வாசிக்க நாயனம் சூடேறிச் சுருதி கொஞ்சம் மேலே நகரும். பெட்டி நகராது, அது சொன்ன இடத்திலேயே நிற்கும். நாயனக்காரர்தான் உதட்டை இறக்கி அதனிடம் வரவேண்டும். ஒத்தும் சீவாளி, அதிலும் ஒரு ஆளின் மூச்சு, அதுவும் கூடவே சூடேறும். பக்கத்தில் நிற்பவர் எங்கே போகிறார் என்று கேட்டுக்கொண்டே உதட்டால் அந்த மயிரிழையை அவர் சரிசெய்வார். ஒரே ஸ்வரம் என்று நாம் சொல்வது இப்படி இரவெல்லாம் திருத்தப்படுகிற ஸ்வரம். சின்ன வயசில் திருவிழாவில் தூக்கம் கலைந்து கேட்டிருக்கிறேன், அப்போது அதற்குப் பெயர் தெரியாது.

பெரியப்பாவின் ஒத்து பரணில் இருந்தது. போன மாசம் இறக்கினேன். துளைகளில் மெழுகு காய்ந்து உதிர்ந்திருந்தது. பழைய சீவாளி ஒன்றை அவர் தண்ணீரில் நனைத்துக் கொடுத்தார். ஊதினேன். முதலில் வெறும் காற்று. நாலாவது தடவை ஒரு சத்தம் வந்து, மூக்கால் இழுக்கும்போது அறுந்துபோனது. "எத்தனை செகண்டு?" என்று கேட்டேன். பெரியப்பா கடிகாரத்தைப் பார்க்கவே இல்லை. கையை நீட்டி அதை வாங்கி, உதட்டருகே கொண்டுபோய், ஊதாமல் துணியில் துடைத்து வைத்தார்.