தேம்பாவணியில் கன்னிமையும் இல்லறமும்

ஐதராபாத் கன்ஃபவுண்டரியில் உள்ள புனித சூசையப்பர் பேராலயத்தை நம்மில் பலர் பார்த்திருப்போம். அந்தச் சூசையப்பரையே 'வளன்' என்ற பெயரில் தலைவனாக்கிய காப்பியம் தமிழில் உண்டு. இத்தாலியிலிருந்து 1710இல் இந்தியா வந்த வீரமாமுனிவர் இயற்றிய தேம்பாவணிதான் அது. 3 காண்டம், 36 படலம், 3615 பாடல். அதன் நடையழகைப் பற்றி நிறையப் பேர் எழுதிவிட்டார்கள். ஆண், பெண், உடல், திருமணம் பற்றி அது என்ன சொல்கிறது என்பதைத்தான் நாம் இங்கே பார்க்கப் போகிறோம்.

முனிவர் கையோடு கொண்டுவந்த சரக்கு இடைக்கால ஐரோப்பாவுடையது. 4ஆம் நூற்றாண்டு ஜெரோம், விதைப்பவன் உவமைக்கு ஒரு கணக்குச் சொன்னார்: கன்னிமைக்கு 100 மடங்கு பலன், கைம்மைக்கு 60, இல்லறத்துக்கு 30. இடைக்காலம் முழுவதும் இந்தக் கணக்கு செல்லுபடியாயிற்று. அப்படியானால் மரியாளும் சூசையும் வாழ்ந்தது திருமண வாழ்வா, இல்லையா? 12ஆம் நூற்றாண்டில் இது பெரிய வழக்கு. சம்மதத்தில் தொடங்கும் மணம் உடல் சேர்க்கையில்தான் முழுமை அடையும் என்றார் கிராசியன். இருவர் மனமொத்த சம்மதமே மணம் என்றார் பீட்டர் லொம்பார்ட். அதற்கு அவர் காட்டிய சான்றே மரியாள் - சூசை மணம்தான்.

இந்த வாதத்தைத் தமிழில் சொல்வது லேசான காரியமா? நம்ம வள்ளுவர் இல்லறவியலுக்கு 20 அதிகாரம் கொடுத்துவிட்டு, அதன் பிறகே துறவறவியலுக்கு 13 கொடுக்கிறார். துறவிக்குத் துணை நிற்பவனே இல்லறத்தான் என்பது இங்குள்ள எண்ணம். வீரமாமுனிவர் இதை நன்றாகப் புரிந்துகொண்டவர். அதனால்தான் திருமணப் படலத்தை அடுத்து 'ஈரறம் பொருத்து படலம்' வைத்தார். மணமான இருவரும் தத்தம் கன்னிமை விரதத்தை ஒருவருக்கொருவர் சொல்லி, ஒரே வீட்டில் இல்லறத்தையும் துறவறத்தையும் இணைக்கிறார்கள். தலைப்பே ஒரு சமரச உடன்படிக்கை மாதிரி இருக்கிறது, பார்த்தீர்களா?

இதில் பெண்ணுக்குக் கிடைத்தது என்ன? மாப்பிள்ளையைக் காட்டுவது பூத்த கோல்; அதில் அவளுக்குப் பங்கில்லை. ஆனால் தன் உடல் பற்றி அவள் எடுத்த முடிவைக் கணவன் மதிக்கிறான். அடுத்துவரும் 'ஐயந்தோற்று படலம்' இன்னும் முக்கியம். மனைவி கருவுற்றிருப்பதைக் கண்டு வளன் துடிக்கிறான். ஆனால் அவளைச் சபையில் நிறுத்தவில்லை. தீயில் இறங்கச் சொல்லவில்லை. கம்பனிடம் பாடம் கேட்ட முனிவர், மீட்சிப் படலத்துச் சீதையை மறந்திருக்க மாட்டார். இங்கே சோதனை முழுவதும் ஆணின் மனத்துக்குள்ளேயே நடக்கிறது. நம் காப்பிய மரபில் இது பெரிய மாற்றம் என்பேன். மணத்தை மறுத்து உயிர்விட்ட கன்னியைப் பற்றி அவர் 'கித்தேரியம்மாள் அம்மானை' பாடியதும் இதே வரிசையில் சேரும். 'வேண்டாம்' என்று ஒரு பெண் சொல்ல முடியும் என்பதை, பெண்கள் பாடி ஆடும் அம்மானை வடிவத்திலேயே வைத்தார்.

ஆனால் இழப்பும் உண்டு. அதையும் சொல்லத்தான் வேண்டும். 1730இல் திருக்குறளை இலத்தீனில் பெயர்த்தபோது அறத்துப்பால், பொருட்பால் இரண்டோடு நிறுத்திக்கொண்டார். காமத்துப்பாலின் 250 குறளும் விடுபட்டன. ஜெரோமின் 30 மடங்குக்காரர்களின் ஊடலும் கூடலும் துறவியின் ஏட்டில் ஏறவில்லை. வள்ளுவருக்கோ அறமும் காமமும் பகையில்லை. ஒரே நூலின் இரு பால்கள். ஈரறம் பொருத்தத் தெரிந்தவருக்கு முப்பால் பொருத்த மனம் வரவில்லை. உடலைத் தாழ்த்தித்தான் பெண்ணின் சொல்லை உயர்த்த முடியும் என்பது இடைக்காலத்தின் முடிச்சு. தேம்பாவணியும் அந்த முடிச்சை அவிழ்க்கவில்லை.

நம் வீடுகளில் பெண்ணுக்கு வரன் பார்க்கிறோம். ஜாதகப் பொருத்தம் பத்தும் பார்க்கிறோம். அவளுடைய சம்மதத்தைக் கடைசியில் ஒப்புக்குக் கேட்பவர்களும் நம்மிடையே உண்டு. சம்மதமே மணம் என்ற கொள்கையைத் தேம்பாவணியிலிருந்து எடுத்துக்கொள்வோம். அன்பில் கூசுவதற்கு ஒன்றுமில்லை என்பதைக் காமத்துப்பாலிலிருந்து எடுத்துக்கொள்வோம். இரண்டு நூலும் தமிழில்தானே இருக்கின்றன! பிள்ளைகளுக்கு இரண்டையும் சேர்த்தே அறிமுகப்படுத்தலாமே.